கேள்வி–பதில்: கோல்ரிட்ஜ் பார்த்த இலை

கேள்வி (இலக்கிய மாணவி ஒருவர்): மனிதக் கற்பனை, இறைவனின் படைப்புச் செயலை மறுபடி நிகழ்த்துகிறது என்று ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னதாகப் பாடத்தில் படித்தோம். அவரே தியானத்தையும் உயர்த்திப் பேசுகிறார். தியானம் மனத்தை அடக்குவது, கற்பனை அதை அவிழ்த்துவிடுவது. இரண்டும் ஒருவரிடமே எப்படிப் பொருந்தும்?

பதில்: தியானம் என்றால் மனத்தைக் கட்டிப்போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டீர்கள். கோல்ரிட்ஜிடம் அது ஒன்றை விடாமல் உற்றுப் பார்ப்பது. அப்படிப் பார்க்கும்போதே கற்பனை வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் அவருடைய கட்சி.

கோட்பாட்டைச் சற்று ஒதுக்கிவைத்து, 1797 கோடைக்குப் போவோம். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், கோல்ரிட்ஜ் குடியிருந்த நெதர் ஸ்டோவி என்ற சிற்றூர். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் அவர் தங்கை டாரதியும் வந்திருக்கிறார்கள். லண்டனிலிருந்து எழுத்தாள நண்பர் சார்ல்ஸ் லாம் வருகிறார். கோல்ரிட்ஜின் மனைவி சாரா கைதவறிக் கொதிக்கும் பாலை அவர் காலில் கொட்டிவிட்டதால் அவரால் நடக்க முடியவில்லை. நண்பர்கள் குன்றுகளை நோக்கிக் கிளம்ப, அவர் மட்டும் டாம் பூல் என்ற நண்பரின் தோட்டத்தில் லிண்டன் மர நிழலில் உட்கார்ந்துவிடுகிறார். அவர்கள் போய்விட்டார்கள், இந்த மரநிழலே எனக்குச் சிறை என்ற முறையீட்டோடு கவிதை தொடங்குகிறது.

அடுத்து, நண்பர்கள் போகும் வழியெல்லாம் மனத்தால் கூடவே போகிறார். நண்பகல் வெயிலும் புள்ளிகளாக மட்டுமே விழும் பள்ளத்தாக்கு, பாறைக்குப் பாறை பாலம்போல் சாய்ந்த மரம், காற்றே இல்லாமல் அருவியின் விசிறலில் மட்டும் நடுங்கும் மஞ்சள் இலைகள், நீர் சொட்டும் நீண்ட களைகள். நகர வாழ்வில் அடைபட்டுக் கிடந்த லாம் இதையெல்லாம் பார்க்கிறாரே என்று மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி வந்த பிறகுதான், தான் உட்கார்ந்திருக்கும் இடம் அவர் கண்ணில் படுகிறது. ஒளி ஊடுருவும் இலைகள். அவற்றில் அகன்ற ஓர் இலை. அதன் வெயிலின்மேல், மேலேயுள்ள இலையும் காம்பும் புள்ளி புள்ளியாக நிழல் போடுகின்றன. அவரைப் பூவில் ஒற்றை வண்டு ரீங்கரிக்கிறது.

நான் இந்தக் கவிதையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த வரிசைதான். கற்பனை அவரை எங்கேயோ தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. காலடியில் இருந்ததைக் காணும் கண்ணைக் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. முறையீட்டோடு உட்கார்ந்தவருக்கு அந்த இலை தெரிந்திருக்காது.

இதைத்தான் அவர் பின்னாளில் தத்துவமாக்கினார். இளமையில் ஆங்கிலத் தத்துவவாதி டேவிட் ஹார்ட்லியின் கொள்கையில் மூழ்கியிருந்தார். 1796இல் பிறந்த தலைமகனுக்கு ஹார்ட்லி என்றே பெயரிட்டார். புலன்வழி வரும் பதிவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு எண்ணமாகின்றன என்பது அந்தக் கொள்கை. 1801க்குள் அதைக் கைவிட்டுவிட்டார். மனம் வெளியுலகைச் சோம்பலாக வேடிக்கை பார்க்கும் பொருளன்று என்று பூலுக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மன் தத்துவவாதிகளான காண்ட்டையும் ஷெல்லிங்கையும் கற்றுத் தெளிந்து, 1817இல் வந்த ‘பயோகிராஃபியா லிட்டரேரியா’ என்ற நூலில் இதற்கு வடிவம் கொடுத்தார். முதல்நிலைக் கற்பனை, எந்த மனிதரும் உலகைக் காணும்போதே செயல்படுவது. இரண்டாம் நிலை, விருப்பத்தோடு சேர்ந்து, கண்டதைக் கரைத்துப் புதிதாக உருவாக்குவது. கவிஞரின் வேலை இது. நினைவில் கிடக்கும் ஆயத்தப் பொருள்களை இடம்மாற்றி அடுக்குவது வெறும் புனைவு. நீங்கள் ‘அவிழ்த்துவிடுவது’ என்றீர்களே, அது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

உற்றுப் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. 1802இல் எழுதிய மனச்சோர்வுப் பாடலில் மாலை வானத்தையும் பிறைநிலாவையும் நெடுநேரம் பார்க்கிறார். அழகு தெரிகிறது, நெஞ்சில் ஏறவில்லை. நாம் கொடுப்பதைத்தான் இயற்கையிடமிருந்து பெறுகிறோம் என்று அங்கே எழுதினார். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்! இந்தப் பாடலைப் படிக்காமல் அவருடைய கற்பனைக் கோட்பாட்டைப் புகழ்பவர்களை நான் நம்புவதில்லை.

கேள்வி (வாசகர் ஒருவர்): அவருடைய ‘குப்ளா கான்’ கவிதை அபினி தந்த கனவுதானே? அப்படியானால் இந்தத் தத்துவமெல்லாம் எதற்கு?

பதில்: அபினி உண்டதை அவரே குறித்துவைத்திருக்கிறார். ஆனால் உறங்கும் முன் பர்ச்சஸின் பயண நூலில் மங்கோலியப் பேரரசர் குப்ளாயின் அரண்மனையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார் என்பதும் அவர் சொன்னதுதான். அபினி உண்டவர் எத்தனையோ பேர். அந்த ஓசையொழுங்கு ஒருவருக்குத்தான் வாய்த்தது. அபினி அவருக்குக் கொடுத்ததைவிடப் பறித்ததே அதிகம். 1816 முதல் 1834இல் இறக்கும்வரை, லண்டனை ஒட்டிய ஹைகேட்டில் மருத்துவர் கில்மன் வீட்டில், அவர் கண்காணிப்பில்தான் வாழ்ந்தார்.

கேள்வி (அதே மாணவி): எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

பதில்: 1798இல் எழுதிய நள்ளிரவு உறைபனிக் கவிதையிலிருந்து. தொட்டிலில் குழந்தை தூங்க, கணப்புக் கம்பியில் படபடக்கும் ஒரு கரிப்படலத்தைப் பார்த்துக்கொண்டே தன் பள்ளி நாள்களுக்குப் போய்வருகிறார். பிறகு மேலே சொன்ன லிண்டன் மரநிழல் கவிதையையும் மனச்சோர்வுப் பாடலையும் படியுங்கள். ‘பயோகிராஃபியா’வின் 13ஆம் அத்தியாயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாதம் பாதியில் நிற்கும். இதை வெளியிடாதே என்று ஒரு நண்பர் எழுதியதாக ஒரு கடிதம் வரும். அதை எழுதியவரும் கோல்ரிட்ஜ்தான். கற்பனையைப் பற்றிய புகழ்பெற்ற வரையறை அதற்குப் பின்னால்தான் வரும், அது ஒரு பக்கம்கூட இருக்காது. கவிதைகளைப் படித்தவருக்கு அந்த அளவே போதும்.