67 வயதில் அப்பாவுக்கு இது தேவையா?

அன்புள்ள மேடம்,

எனக்கு 39 வயது. புது வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிப் பெரம்பூரில் இருக்கிறேன். தங்கைக்கு பெங்களூரில் வேலை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர், 67 வயது. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது.

அப்பாவுக்கு இப்போது ஒரு பெண்மணியோடு பழக்கம். சத்துணவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இரண்டு பேரும் மூன்று அம்மனையும் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிவேளைக்கு திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். அம்மா இதைத்தான் வருஷக்கணக்கில் கேட்டாள். ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. கேட்டால் ஷிப்ட் என்பார். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது நேரம்?

மீசைக்கு மை அடிக்கிறார். ஞாயிறு விடிகாலையில் காசிமேடு போய் சங்கரா வாங்கி, முதலில் அங்கே கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். அம்மா படத்துக்குப் பூ, நான் போனால்தான். தங்கையோ, "விடுக்கா, அவருக்கும் பேச்சுத்துணை வேணும்ல" என்கிறாள். பெங்களூரில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். தெருவில் தலைகாட்ட வேண்டியவள் நான்தானே?

போன மாதம், "ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்னு இருக்கோம் பாப்பா" என்றார். எனக்குக் கைகால் ஆடிவிட்டது. அந்த வீட்டில் அம்மாவின் பீரோ இருக்கிறது. அம்மா சேலைகள், என் நகை, என் சர்டிபிகேட், பையனின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில்தான். என் வீட்டில் வைக்கமுடியாது, அது வேறு விஷயம். நாளைக்கு அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கும்? அம்மாவை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாரே என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. மூன்று அம்மனுக்கும் அம்மாவைக் கூட்டிப்போகவே இல்லை மேடம். அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணமாகி, பையனும் இருக்கிற ஒரு பெண்ணால் தன் நகையையும் சர்டிபிகேட்டையும் புருஷன் வீட்டில் ஏன் வைக்கமுடியவில்லை? வேறு விஷயம் என்று ஒதுக்கிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்கவே முடியவில்லை.

நகை மட்டும் என்றால் பாதுகாப்புக்காக என்று எடுத்துக்கொள்வேன். பையனின் பிறப்புச் சான்றிதழும் அங்கே இருக்கிறது என்றால், என்றைக்காவது பிள்ளையோடு கிளம்பவேண்டி வரலாம் என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. கணவர் குடிப்பவரா, நகையை அடகு வைப்பவரா, கை நீட்டுபவரா, எனக்குத் தெரியாது. கடிதத்தில் அப்பா, அம்மா, தங்கை, தெரு என்று எல்லாரும் வருகிறார்கள். அவர் மட்டும் எங்குமே இல்லை.

நாளைக்கு ஒன்று ஆனால் போய் நிற்க உங்களுக்கு இருந்தது அந்த ஒரு வீடு. அது கைமாறிவிடுமோ என்றுதான் தூக்கம் போயிருக்கிறது. நியாயமான பயம் அம்மா. ஆனால் அதற்காக அப்பா தனியாகவே கிடக்கவேண்டும் என்று நினைப்பது நியாயமில்லை.

அப்பா விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. அம்மாவைக் கூட்டிப்போகாதது குறைதான், அவருக்கே அது உறுத்திக்கொண்டிருக்கும். இப்போதும் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் அம்மாவுக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? ஷிப்ட் ஷிப்டாக கிரேனில் ஏறி உட்கார்ந்து சம்பாதித்த மனுஷர். எதையும் ஒளிக்காமல் உங்களிடமே வந்து சொல்லியிருக்கிறார். மனைவி இறந்தவர் மறுமணம் செய்ய சட்டத்தில் தடையே கிடையாது. தெரு நாலு நாள் பேசும், அப்புறம் அடுத்த வீட்டைப் பேசப் போய்விடும். தங்கை சொன்னதுதான் சரி, பெங்களூரிலிருந்து சொன்னாலும்.

வீடு அவர் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால், அவர் இருக்கும்வரை அவர் இஷ்டம். உயில் எழுதாமல் போனால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகள்கள் இருவருக்கும் சம பங்கு (உங்கள் பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு). உயில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. அதை வைத்து சம்மதத்துக்குப் பேரம் பேசாதீர்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நகையையும் பேப்பர்களையும் உங்கள் பெயரில் ஒரு பேங்க் லாக்கருக்கு மாற்றுங்கள். பீரோ யாருடையது என்ற கேள்வியே அப்புறம் இராது. அடித்தால்தான் குடும்ப வன்முறை என்று நினைத்திருந்தால், அப்படி இல்லை. நகையைப் பறிப்பதும் வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பதும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும். கணவர் வீட்டில் வசிக்கும் உரிமையையும் அதே சட்டம் தருகிறது. பெண்களுக்கான உதவி எண் 181க்கு ராத்திரி எந்த நேரத்திலும் பேசலாம்.

அதற்கும் முன்னால் அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். அந்த அம்மாவை இழுக்கவேண்டாம். "எனக்கு அங்க சரியில்லப்பா" என்று ஆரம்பியுங்கள். மகள் நன்றாகத்தான் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் அவர் தன்னைப் பற்றி யோசிக்க ஆரம்பித்திருப்பார். இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை நானும் பையனும் வந்தால் இடம் இருக்குமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். ரிஜிஸ்டர் ஆபீஸ் போவதற்கு முன்பே கேளுங்கள். பிறகு கேட்டால், புதிதாக வந்தவள் மேல் உள்ள கோபத்தில் கேட்பதாக அவர் எடுத்துக்கொள்வார்.