ஒசாகா கோட்டை வெறும் சிமெண்ட் கட்டடம், உள்ளே லிஃப்ட் வேறு இருக்கிறது என்கிறார்களே, பார்க்கப் போவது வீணா?

வீணில்லை, போங்கள். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போவதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கட்டாயம் போங்கள்.

நான் ஒசாகாவில் வேலை பார்த்தபோது அம்மா மூன்று வாரம் வந்திருந்தார். வயது 68, இரண்டு முட்டியும் தேய்மானம். ஆபீஸ் நண்பர் ஒருவர், "அது டூப்ளிகேட் கோட்டைங்க, ஹிமேஜிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். ஹிமேஜி பக்கத்து ஊர், அங்கே இருப்பது பழைய மரக் கோட்டை. நம்பிப் போனேன். செருப்பைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு, ஏணி மாதிரி செங்குத்தான மரப்படியில் ஏற வேண்டும். அம்மா இரண்டாவது தளத்திலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வாடா, நான் இங்கயே இருக்கேன்." ஹிமேஜியைக் குறை சொல்கிறேன் என்று உடனே கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். 1609இல் எழுப்பிய கோபுரம் அப்படியே நிற்கிறது, அதன் அழகுக்கு நான் அடிமை. ஆனால் முட்டிக்கு வரலாறு தெரியாது.

அடுத்த வாரம் ஒசாகா. சகுராமோன் வாசலைத் தாண்டியதும் எதிரே ஒரே கல், சுவர் அகலத்துக்கு நிற்கும். தாகோ-இஷி, அதாவது ஆக்டோபஸ் கல் என்று பெயர். முகப்பு மட்டும் சுமார் 59 சதுர மீட்டர், எடை நூறு டன்னுக்கு மேல் என்கிறார்கள். அம்மாவுக்குச் சதுர அடியில் சொன்னால்தான் புரியும். கணக்குப் போட்டால் 640 வந்தது. "நம்ம ஃபிளாட்டே அவ்வளவுதானேடா!"

"இது யார் கட்டினது?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஜப்பானைத் தன் கைக்குள் கொண்டுவந்த தளபதி ஹிதேயோஷி 1583இல் ஆரம்பித்தார், இரண்டு வருடத்தில் கோபுரம் எழுந்தது. 1615இல், அவருக்குப் பின் நாட்டைப் பிடித்த தொக்குகாவா குடும்பத்தின் படை முற்றுகையிட, அது எரிந்தது. மகன் ஹிதேயோரியும் அவர் தாயும் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். தொக்குகாவாக்கள் சும்மா விடவில்லை. ஹிதேயோஷியின் கற்சுவர்களையே மண் போட்டுப் புதைத்து, அதன்மேல் தங்கள் கோட்டையைக் கட்டினார்கள். இந்த ஆக்டோபஸ் கல்லும் அப்போது வந்ததுதான். 1626இல் எழுந்த அவர்கள் கோபுரம் 1665இல் இடி விழுந்து எரிந்தது. அதன் பிறகு இருநூற்றறுபது வருடத்துக்கு மேல் கோபுரமே கிடையாது. இப்போது இருப்பது 1931இல் ஊர்மக்கள் நன்கொடையில் எழுந்த கான்கிரீட். ஜாடை ஹிதேயோஷியுடையது, உட்கார்ந்திருப்பது தொக்குகாவாவின் கல் மேடையில்!

அதாவது முதல் கோபுரம் 30 வருடம், இரண்டாவது 39 வருடம், இந்த 'டூப்ளிகேட்' 90 வருடத்தைத் தாண்டி நிற்கிறது. பக்கத்திலேயே ராணுவ ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. 1945 ஆகஸ்ட் 14, போர் முடிவதற்கு முதல் நாள், அதன்மேல் குண்டு மழை. அதையும் இந்தக் கோபுரம் தாங்கியது. இதைப் போலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டடக்கலை படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். நான் கணினிக்காரன்.

லிஃப்ட் பொதுவாக ஐந்தாம் மாடி வரைதான். முட்டியைக் காட்டியதும் ஊழியர் எட்டாம் மாடிக்கே அனுப்பிவிட்டார். ஊரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, அந்த 1615 சண்டையை வரைந்த மடிப்புத் திரையைப் பற்றிய காட்சிகளைப் பார்த்தோம். அந்தத் திரையில் ஐயாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு பாதி போர், மறுபாதி ஊரை விட்டு ஓடும் சனம். சாமுராய்களை அம்மா கண்டுகொள்ளவே இல்லை. மூட்டையோடு ஆற்றைக் கடக்கும் பெண்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

2019 ஜி20 விருந்தில் அன்றைய பிரதமர் அபே, இந்தக் கோட்டைக்கு லிஃப்ட் வைத்தது பெரிய தவறு என்று வேடிக்கையாகச் சொல்லப்போய், மாற்றுத்திறனாளிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்தச் செய்தி மறக்கவே இல்லை. காரணம், ஊரில் எங்கள் அடுக்குமாடியிலும் இதே கூத்துதான். கீழ்த்தளத்துக்காரர்கள் "நாங்க லிஃப்ட்ல ஏறுறதே இல்ல, எதுக்குக் காசு?" என்று பராமரிப்புப் பணம் தராமல், போன தீபாவளியிலிருந்து லிஃப்ட் நின்றுகிடக்கிறது. அம்மா இருப்பது மூன்றாம் மாடி. பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டிய கூடையில்தான் மேலே இழுக்கிறார்.

ஹிமேஜியும் போக வேண்டுமானால் ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். படி ஏறக்கூடியவர்கள் மட்டும் மேலே போங்கள், மற்றவர்களுக்குக் கீழே இருந்து பார்த்தாலே அது அழகுதான்.