பழுப்பேறிய மாட்டுப் பல்லும் பழி சுமக்கும் தக்காளி மருந்தும்

கேள்வி: பாலக்கோடு வட்டத்தில் இரண்டு ஏக்கர் தக்காளி வைத்திருக்கிறேன். கலப்பின ஜெர்சி மாடுகளும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த இரண்டு கிடேரிகளுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை படிந்து, பல்லும் தேய்ந்து வருகிறது. எட்டுப் பல்லும் போட்ட பிறகு சந்தையில் வாங்கிய மூத்த மாட்டுக்குப் பல் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுந்திருக்கத் திணறுகிறது, நொண்டுகிறது, பாலும் குறைந்துவிட்டது. காய்ப்புழுவுக்குப் புளூபென்டியமைடு அடிக்கிறேன். கழிவுத் தக்காளியையும் வரப்புப் புல்லையும் மாடுகளுக்குப் போடுவது வழக்கம். பூச்சிமருந்திலுள்ள புளோரைடு உணவில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கிறது என்று ஒரு வீடியோவில் பார்த்தது முதல் தூக்கமில்லை. உரக்கடைக்காரர், மருந்தை விட்டுவிட்டு இயற்கைத் தெளிப்பு ஒன்றை அடிக்கவும், மாட்டுக்கு நச்சு முறிக்கும் பொடி கொடுக்கவும் சொல்கிறார். ஐந்து வருடத்துக்கு முன்பு போட்ட 950 அடி போர்தான் வயலுக்கும் மாட்டுக்கும் சமையலுக்கும். குடிக்க மட்டும் ஒகேனக்கல் தண்ணீர். பழைய கிணறு தூர்ந்து கிடக்கிறது. தாது உப்பு தவறாமல் கொடுக்கிறேன். உரக்கடையிலேயே சில்லறையாகக் கிடைக்கிறது. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கும் புதிதாக முளைத்த பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. மருந்தை நிறுத்தட்டுமா? பாலை விற்கலாமா?

பதில்: பாலை விற்கலாம். மாடு எவ்வளவு புளோரைடைத் தின்றாலும் குடித்தாலும், அதில் பெரும்பகுதி எலும்பில் போய் உட்காரும், மிச்சம் சிறுநீரில் போய்விடும். பாலுக்கு வருவது மிகச் சொற்பம். உங்கள் சங்கத்தில் பால் வாங்குகிறவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அந்தக் கவலையை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோ முழுப் பொய்யுமல்ல, உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துவதுமல்ல. அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில், கிரையோலைட் என்ற மருந்தைத் தெளித்து வந்தார்கள். சோடியமும் அலுமினியமும் புளோரைடும் சேர்ந்த உப்பு அது. பழத்தோலில் படிந்தால் படிந்தது புளோரைடுதான். இன்னொன்று சல்ஃபியூரில் புளோரைடு, கிடங்குகளில் தானியத்துக்கும் உலர்பழங்களுக்கும் போடும் புகைமருந்து. அது உணவில் புளோரைடை விட்டுச் செல்கிறது என்பதால், 2011-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற முன்வந்தது. 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து அதைத் தடுத்துவிட்டார்கள். அந்த விவகாரத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: புகைமருந்திலிருந்து வரும் பங்கு சிறிது, பெரும்பங்கு குடிநீரிலிருந்துதான் என்று அந்த முகமையே சொன்னது. ஏற்கெனவே நிறைந்த பானையில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றலாமா என்பதுதான் அங்கே வழக்கு.

நீங்கள் அடிக்கும் புளூபென்டியமைடு வேறு சாதி. அதன் ஒரு மூலக்கூறில் ஏழு புளோரின் அணுக்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை கார்பனோடு இறுகப் பிணைந்தவை. தண்ணீரில் கரைந்த புளோரைடு போலக் கழன்று வந்து பல்லையும் எலும்பையும் தேடிப் போவதில்லை. அப்படியே அத்தனையும் கழன்று விழுந்ததாக வைத்துக்கொண்டாலும் கணக்கு என்ன? ஏக்கருக்கு 40 மில்லி மருந்து. அதில் புளோரின் நான்கு கிராமுக்குள். இப்போது உங்கள் போரைப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு என்பது அதிசயமான அளவல்ல. ஒரு போகத் தக்காளிக்கு ஏக்கருக்கு 15 லட்சம் லிட்டர் பாய்ச்சினால், நாலரைக் கிலோ புளோரைடை நிலத்தில் இறக்கியிருக்கிறீர்கள். அடியுரமாகப் போடும் சூப்பர் பாஸ்பேட்டிலும் மூட்டைக்கு அரைக் கிலோவுக்குக் குறையாமல் புளோரின் உண்டு. நான்கு கிராமைக் கண்டு அலறிவிட்டு, கிலோக்கணக்கில் வருவதைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறோம்.

நல்லவேளையாக, புளிப்பில்லாத நம் மண்ணில் சுண்ணாம்பும் களியும் இந்தப் புளோரைடின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செடி எடுப்பது கொஞ்சம்; அதிலும் இலைக்குப் போவதுதான் அதிகம், காய்க்குக் குறைவு. அதனால் தக்காளியைச் சந்தேகிக்க வேண்டாம். போர்த் தண்ணீரில் கீரை வளர்த்து நாள்தோறும் சமைப்பவர் என்றால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

ஆக, நீங்கள் கேட்டது மருந்தைப் பற்றி. நான் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பார்த்து: “உரக்கடையிலேயே சில்லறையாகக் கிடைக்கிறது.”

என்ன கிடைக்கிறது? சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கிற சாம்பல் நிறப் பொடிதானே? அதில் என்ன இருக்கிறதென்று கடைக்காரருக்கும் தெரியாது. தாது உப்பில் விலை கூடிய சரக்கு பாஸ்பரஸ். அதை டைகால்சியம் பாஸ்பேட்டாகச் சேர்த்தால் செலவு பிடிக்கும். ராக் பாஸ்பேட்டை அரைத்துக் கலந்துவிட்டால் மலிவு. ஆய்வில் பாஸ்பரஸ் அளவும் சரியாகக் காட்டும். ஆனால் பாறையாக வெட்டியெடுத்த அந்தப் பாஸ்பேட்டில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு புளோரின். தேயிலை, காப்பித் தோட்டங்களின் புளிப்பு மண்ணுக்கு அது நல்ல உரம். மாட்டின் வயிற்றுக்கு உரம் போட வேண்டிய அவசியம் எனக்கு இதுவரை புரிந்ததில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 50 கிராம் பொடி வைக்கிறீர்கள். அதில் மூன்றிலொரு பங்கு ராக் பாஸ்பேட் என்றால், மாட்டுக்குள் போகும் புளோரின் ஏறக்குறைய 500 மில்லிகிராம். அதே மாடு 60 லிட்டர் போர்த் தண்ணீர் குடித்தால், லிட்டருக்கு 3 மில்லிகிராம் வீதம் 180. கறவை மாடு நீண்டகாலம் தாங்கக்கூடியது, தீவனத்தின் உலர் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்று சொல்வார்கள். 10 கிலோ தின்கிற மாட்டுக்கு 400. தண்ணீர் மட்டுமென்றால் உங்கள் மாடு எல்லைக்குள் நிற்கிறது. பொடி சேர்ந்ததும் தாண்டிவிடுகிறது. தரமான தாது உப்பில் புளோரின் 0.07 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 1664. அதே 50 கிராமில் அது 35 மில்லிகிராம். முப்பத்தைந்துக்கும் ஐந்நூறுக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் கடையில் உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி.

மூட்டையில் ஐ.எஸ். எண்ணும் புளோரின் உச்ச அளவும் அச்சாகாத தாது உப்பை, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதை எங்கே போனாலும் சொல்கிறேன், சலிக்காமல் சொல்வேன். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே தாது உப்பு தயாரித்துத் தருகிறது, அதை வாங்குங்கள். பயந்துபோய்த் தாது உப்பை ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது. பாஸ்பரஸ் பற்றாக்குறையிலும் மாடு நொண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் புளோரைடு இன்னும் சுலபமாக உடம்பில் ஏறும். இப்போது வீட்டில் மிச்சமிருக்கும் பொடியில் கால் கிலோவை எடுத்து, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் கொடுத்து, புளோரின் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தாள் கையிலிருந்தால் கடைக்காரரோடு பேசும் தொனியே மாறும்.

அவர் சொல்லும் நச்சு முறிக்கும் பொடி, தீவனத்தில் பூஞ்சை நச்சு இருக்கும்போது கொடுக்கிற களிமண் வகை. புளோரைடுக்கு அதை எழுதிக் கொடுத்தால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, அல்லது நன்றாகத் தெரிகிறது. மாட்டைக் கெடுத்ததாக நான் சந்தேகப்படும் சரக்கும், அதைக் குணமாக்குவதாகச் சொல்லும் சரக்கும் ஒரே கல்லாவில் விற்கின்றன. பெயரில்லாத இயற்கைத் தெளிப்பைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

உங்கள் மாடுகளின் பல்லே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான் புளோரைடு அதைக் கறைப்படுத்த முடியும். முளைத்து நின்ற பல்லை ஒன்றும் செய்யாது. அதனால்தான் உங்கள் தொழுவத்தில் வளர்ந்த கிடேரிகளுக்குக் கறை, பல் போட்டுவிட்டு வந்த மாட்டுக்கு இல்லை. எலும்புக்கு அந்த வயதுக் கணக்கு கிடையாது, ஆகவே மூத்த மாடு நொண்டுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கூட்டிவந்து குளம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். குளம்பில் புண்ணை வைத்துக்கொண்டு புளோரைடைத் திட்டுகிறவர்களும் உண்டு. சிறுநீரில் புளோரைடு பார்த்தால் ஓரளவு தெளிவாகிவிடும். பழைய சென்னை மாகாணத்தில் இந்த நோய் முதலில் தெரியவந்ததும் மாடுகளிடம்தான். நெல்லூர்ப் பக்கத்து மனிதர்களிடம் இருப்பது 1937-இல்தான் மருத்துவ ஏட்டில் ஏறியது. தொழுவம் முந்திக்கொண்டு சொல்கிறது என்றால் வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

வீட்டுக்கு வருவோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தணிப்பு என்று இருக்கிறது. 2013-இல் தொடங்கிவைத்த அந்தத் தண்ணீர் உங்கள் வாசலுக்கு வருகிறது. அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றையும் சாம்பாரையும் ரசத்தையும் போர்த் தண்ணீரில் வைத்தால் என்ன பயன்? ஒரு கிலோ அரிசி இரண்டு லிட்டர் தண்ணீரையாவது குடித்துக்கொள்கிறது. அதிலிருக்கும் புளோரைடு சோற்றோடு இலைக்கு வருகிறது. கொதிக்க வைத்தால் போய்விடும் என்பார்கள். போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தேயிலை தானாகவே புளோரைடைச் சேர்க்கிற செடி, முற்றிய இலையில் இன்னும் அதிகம். திபெத்தில் கட்டித் தேயிலையைக் காய்ச்சிக் குடித்தே எலும்பு கெட்டவர்கள் உண்டு. போர்த் தண்ணீரில் கறுக்கக் காய்ச்சிய டீயை மகளுக்குக் கொடுக்காதீர்கள்.

குழந்தையின் முளைத்த பல்லிலுள்ள திட்டு அழியாது. பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். எலும்பு வளர இன்னும் காலம் இருக்கிறது. சமையல் தண்ணீரை இன்றே மாற்றுங்கள், பாலும் கேழ்வரகும் கொடுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. விளைகிற ஊரிலேயே அதை விட்டுவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறியதைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு புகார் இருக்கிறது, அது வேறொரு நாளைக்கு. புளி சேர்த்துச் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறுவதை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளி மாணவர்களிடம் பார்த்து 2002-இல் எழுதினார்கள். இதை வைத்து யாராவது புளிக் குளிகை விற்க வந்தால் வாங்க வேண்டாம், ரசம் போதும்.

போர்த் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். கண்ணாடிக் குப்பி வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மனிதருக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. மாட்டுக்கு 2 வரை பரவாயில்லை. அதைத் தாண்டினால், இன்னும் 200 அடி இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்று ரிக் வண்டிக்காரர் வந்து நிற்பார். அனுப்பிவிடுங்கள். நம் கருங்கல் பாறையில் தண்ணீர் எவ்வளவு காலம் அடைந்து கிடக்கிறதோ அவ்வளவு புளோரைடு அதில் கரைகிறது. ஆழம் கூடினால் பெரும்பாலும் அதுவும் கூடும். அந்தப் பணத்தில் பாதிக்குப் பழைய கிணற்றைத் தூர் வாரிவிடலாம். மழை ஊறிய மேல்தண்ணீரைத் தொட்டியில் சரிபாதி கலந்தாலே மாட்டுக்குப் போகும் அளவு ஏறக்குறைய பாதியாகும். முதலில் கன்றுகளுக்கும் பல் போடாத கிடேரிகளுக்கும் காட்டுங்கள், மிச்சமிருந்தால் மற்றவற்றுக்கு.

புளூபென்டியமைடை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அடித்த தோட்டத்துக் காயையும் வரப்புப் புல்லையும், குப்பித் தாளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடியும்வரை மாட்டுக்குப் போடாதீர்கள். அது புளோரைடுக்காக அல்ல, மருந்துக்காக. நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு ஆகாது என்று அமெரிக்காவில் 2016-இல் அதன் பதிவை ரத்து செய்தார்கள், அதனால் தெளிப்பானைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். அடுத்த முறை மாற்றி அடிக்கிறேன் என்று குளோரான்ட்ரனிலிப்ரோலை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் புழுவைத் தாக்கும் விதம் ஒன்றுதான், கடையில் டப்பாவின் நிறம் மட்டும் வேறு.