பர்ன்ஸ் கிட்டாரும் அலறும் பிக்அப்பும்

கே: பிரிட்டனின் பர்ன்ஸ் கிட்டாரில் அப்படி என்ன புதுமை? ஏன் நிலைக்கவில்லை?

ப: அமெரிக்கக் கிட்டார்களின் இறக்குமதிக்கு 1959 வரை பிரிட்டனில் தடை. அந்த இடைவெளியில் தலையெடுத்த உள்ளூர்க் கிட்டார் தயாரிப்பாளர்களில் ஜிம் பர்ன்ஸும் ஒருவர். 1960ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். மற்றவர்கள் அமெரிக்கக் கிட்டார் கம்பெனியான ஃபெண்டரை நகலெடுத்தபோது இவர் தன் போக்கில் போனார். அவருடைய ‘பைசன்’ மாடலில் ‘வைல்ட் டாக்’ என்றொரு சுவிட்ச். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்களான பிக்அப்புகளை எதிரெதிர் கட்டத்தில், அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி, இணைத்துவிடும். தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மூக்கால் பாடுகிற மாதிரி மெல்லிய, கூரிய நாதம் மிஞ்சும். எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவராது. பிரிட்டனின் ஷேடோஸ் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினுக்காக 1964ல் வந்த மாடல்தான் அவருடைய உச்சம். அதில் ட்ரெமலோ பிரிட்ஜுக்கு (கைப்பிடியை அசைத்துச் சுருதியை ஆட்டுகிற தந்தித் தாங்கி) அடியில் ஒரே உலோகக் கட்டைக்குப் பதிலாக, தந்திக்கு ஒன்றாக ஆறு குழாய்கள்.

புதுப்புது யோசனைகளைக் கொட்டிய மனிதருக்குக் கணக்கு வழக்கு கைவரவில்லை. கடன் ஏறியது. ஃபெண்டரை வாங்க முயன்று, ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸிடம் கோட்டைவிட்ட அமெரிக்க பியானோ நிறுவனமான பால்ட்வின், 1965ல் பர்ன்ஸை வாங்கியது. தன் பெயரைப் போட்டு விற்றுப் பார்த்து, 1970ல் நிறுத்திக்கொண்டது.

கே: என் கிட்டாரில் பர்ன்ஸ் ட்ரை-சோனிக் பிக்அப். சத்தத்தைக் கூட்டினால் கீச்சிடுகிறது. என்ன செய்யலாம்?

ப: பழைய ட்ரை-சோனிக்கின் பிறவிக்குணம் அது. கம்பிச்சுருளைத் தாங்க உள்ளே பாபின் என்கிற சட்டம் கிடையாது. சுற்றி, டேப் ஒட்டி, உலோக மூடிக்குள் வைத்திருப்பார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் சுருளும் மூடியும் அதிர்ந்து, பிக்அப்பே மைக் ஆகிவிடும். ‘குவீன்’ குழுவின் பிரையன் மே தன் கிட்டாரில் இவற்றைப் பொருத்தியபோது உள்ளே அரால்டைட் என்ற கெட்டிப்படும் பசையை ஊற்றி இறுக்கினார். பலன் உண்டு, ஆனால் பிறகு கம்பி அறுந்தால் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது.

பிக்அப்பை உருகிய மெழுகில் மூழ்கவைப்பதே பாதுகாப்பு. 4 பங்கு பாரஃபின் மெழுகுக்கு 1 பங்கு தேன்மெழுகு. நேரடித் தீயில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். சூட்டை 65 டிகிரி செல்சியஸில் வைத்து, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல் இருங்கள். சூடு கூடினால் டேப்பின் பசை இளகும், பிளாஸ்டிக் நெளியும். மூடியோடு சேர்த்தே மூழ்கவிட்டு, குமிழி வருவது நின்றதும் எடுங்கள். பாதியில் எடுத்தால் நடுச்சுருளில் காற்று தங்கி, கீச்சல் தொடரும். மூழ்கவிடும் முன்பும், ஆறிய பிறகும் மல்டிமீட்டரில் சுருளின் மின்தடையை (ஓம்) அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அளவே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

சுருளிலிருந்து ஒயர் வெளியே பிரியும் முனைகளைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.