சீஸை உருக்கிச் சாப்பிட்டால் கொழுப்பு கூடுமா? குளிர்ச்சியாக அப்படியே சாப்பிடுவதுதான் நல்லதா?

உருக்குவதால் கொழுப்பு ஒன்றும் கூடிவிடாது. 100 கிராம் செடார் சீஸில் சுமார் 33 கிராம் கொழுப்பு, 25 கிராம் புரதம், 700 மில்லிகிராம் கால்சியம், 400 கலோரி இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கடித்தாலும் சரி, தோசைக்கல்லில் உருக்கினாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. உருகும்போது மேலே மினுங்குகிற எண்ணெயைப் பார்த்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அது புதிதாக வந்தது இல்லை, உள்ளே ஏற்கெனவே இருந்த பால் கொழுப்பு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. குளிர்ந்த சீஸை 20 கிராம் துண்டு தின்றால் போதும் என்றாகிவிடும், உருகியதை அப்படி நிறுத்த முடியாது. அதோடு மைதா ரொட்டியும் வெண்ணெயும் கூடவே வந்துவிடும். வயிறு கனப்பது பெரும்பாலும் அதனால்தான். வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால் சூட்டை விட உப்பைக் கவனியுங்கள், கடையில் கட்டியாகவும் ஸ்லைஸாகவும் விற்கிற பதப்படுத்திய சீஸில் அது அதிகம்.

சூடு நிஜமாகவே வேலை காட்டுவது சமையலில்தான். காரைக்குடியில் எங்கள் வீட்டில் லீவுக்கு வந்த பிள்ளைகள் சீஸ் வேண்டும் என்று கேட்டதால், காரப் பணியார மாவிலேயே சீஸைத் துருவிக் கலந்து, இரும்புப் பணியாரக் கல்லை நன்றாகக் காய வைத்து ஊற்றினேன். குழியைத் தொட்ட சீஸெல்லாம் கருகிப் பிடித்துக்கொண்டது, கம்பியை விட்டுத் திருப்பினால் மேல்பாதி மட்டும் கையோடு வருகிறது, குழிக்குள் எண்ணெய் தேங்கி நிற்கிறது. பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "மோர்க்குழம்பை நுரை கட்டினதும் இறக்குறோம்ல ஆத்தா, கொதிச்சா திரிஞ்சு போகும்னு. இதுவும் பால்தானே, எதுக்கு இம்புட்டுத் தீ?" என்று கேட்டார்கள்.

அப்பத்தா சொன்னது அப்படியே சரி. சீஸில் உள்ள கொழுப்பு 32 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். அதைப் பிடித்து வைத்திருக்கிற புரத வலை, பீட்சாவில் போடுகிற மொசரெல்லா சீஸில் 55 டிகிரி அளவிலும் செடாரில் 65 அளவிலும் தளர்ந்து ஓடும். அதற்கு மேலும் சூடு ஏறிக்கொண்டே போனால் புரதம் இறுகி, தண்ணீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும், ரப்பர் மாதிரி ஆகிவிடும், அப்புறம் தீயைக் குறைத்தாலும் பழைய நிலைக்கு வராது. மோர்க்குழம்பு திரியாமலிருக்க அரிசியையோ கடலைப்பருப்பையோ அரைத்துச் சேர்க்கிறோமே, சீஸ் சாஸுக்கு மைதாவோ சோள மாவோ சேர்ப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

இப்போது நான் செய்வது இப்படி: குழியில் பாதிக்கு மாவு, நடுவில் கொண்டைக்கடலை அளவு சீஸ், அது மறையும்படி மேலே கொஞ்சம் மாவு, மூடி போட்டுச் சிறு தீ. சீஸ் கல்லைத் தொடவே தொடாது. தோசை என்றால் வெந்த பிறகு கடைசியில் தூவி, மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள், கல்லின் சூடே போதும்.

பன்னீரை வைத்து முயல வேண்டாம், எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்தது உருகாது. புளிப்பு, புரதத்தை ஒட்டியிருந்த கால்சியத்தைக் கரைத்துவிடுவதால் எவ்வளவு சூடு பண்ணினாலும் தண்ணீர் வற்றிக் கெட்டியாகத்தான் ஆகும்.

உருக்காமல் அப்படியே சாப்பிட விரும்பினால் அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள், சில்லென்று இருக்கும்போது வாசமும் ருசியும் பாதிதான் தெரியும். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் பத்து நிமிஷமே ஜாஸ்தி.

சீஸ் வைத்த பணியாரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது மட்டும் இரண்டாகப் பிட்டு, ஆவி அடங்கின பிறகு கொடுங்கள். மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே உருகினது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும்.