பட்டறைக் கேள்வி-பதில்: பழைய லேத்தா, புது லேத்தா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். சின்னச் சின்ன நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்யும் ஆசையில் வீட்டில் 10க்கு 12 அடி அறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். 60 வருடத்துக்கு மேல் ஓடிய 9 அங்குல லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) ஒன்று, சவுத் பெண்ட் கம்பெனியுடையது, விலைக்கு வருகிறது. ஏறக்குறைய அதே தொகைக்கு மேசைமேல் வைக்கும் புது மினி லேத்தும் கிடைக்கிறது. 'பழைய இரும்பு மாதிரி வராது' என்கிறார் நண்பர். 'பழசை வாங்கி அவஸ்தைப்படாதீர்கள்' என்கிறான் மகன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஐயா, அவர்கள் இருவரும் அந்த லேத்தை நேரில் பார்த்தார்களா? பார்க்காமல் சொல்லியிருந்தால் இருவர் பேச்சையும் ஓரமாக வையுங்கள். லேத்தின் வயதைக் கேட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. ஒரே வருடத்தில் செய்த இரண்டு லேத்களில் ஒன்று தினமும் எண்ணெய் குடித்து வாழ்ந்திருக்கும், இன்னொன்று மூன்று ஷிப்ட் ஓடித் தேய்ந்திருக்கும்.

முதன்முதலில் நான் வாங்கிய பழைய லேத் பளபளவென்று பச்சை பெயிண்ட் அடித்திருந்தது. சத்தமில்லாமல் ஓடியது. அன்றே பணம் கொடுத்துவிட்டேன். வீட்டில் வைத்து ஒரு சாண் நீளக் கம்பியைக் கடைந்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம். லெவலைச் சரி செய்தேன், கம்பியின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக்கை நகர்த்திப் பார்த்தேன், அப்படியே பல மாதம் போனது. கடைசியில்தான் தெரிந்தது, கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக்கை ஒட்டிய இடத்தில் பெட், அதாவது மற்ற பாகங்கள் நகரும் தண்டவாளம், தேய்ந்திருந்தது. லேத்தில் பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கிறது, அதனால் அந்த இடம்தான் முதலில் தேயும். பெயிண்ட் அதை மறைக்கவும் இல்லை. பார்க்க வேண்டிய இடத்தை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். டூலை, அதாவது வெட்டும் உளியைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் கேரேஜை சக்கின் பக்கத்தில் நிறுத்தி, அதன் லாக்கை லேசாகப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு கையால் சுற்றி டெயில் ஸ்டாக் பக்கம் கொண்டு போங்கள். கடைசிவரை ஒரே மாதிரி நகர்ந்தால் நல்லது. போகப் போக இறுகி நின்றுவிட்டால் சக் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேய்மானம் கொஞ்சம் இருந்தாலே ஒதுக்கிவிட வேண்டுமா என்றால், வேண்டாம். டூல் நேராகக் கீழே 0.1 மில்லிமீட்டர் இறங்கினால், 25 மில்லிமீட்டர் கம்பியின் விட்டத்தில் அது தெரியவே தெரியாது. பக்கவாட்டில் 0.1 நகர்ந்தால்தான் விட்டத்தில் 0.2 ஆகக் காட்டும். உங்கள் பிஸ்டனும் வால்வும் விரல் நீளத்துக்குள் அடங்குபவை. அந்தச் சின்ன நீளத்துக்குள் தேய்மானம் பெரிதாக மாறாது. எனவே நடுத்தரமாகத் தேய்ந்த லேத்தே உங்களுக்குப் பல வருடம் உழைக்கும்.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை, சக் மாட்டும் ஸ்பிண்டில் மூக்கின் மேலேயே வைத்துப் பாருங்கள், சக்கில் வைக்காதீர்கள். மூன்று தாடை சக் தானாகவே 0.05, 0.1 மில்லிமீட்டர் என்று ஆடும். ஸ்பிண்டில் 0.01க்குள் இருந்தால் திருப்தி. அந்த வகை லேத்தில் ஸ்பிண்டில் எண்ணெய்ப் படலத்தின்மேல் சுழலும். எண்ணெய் போடாமல் ஓட்டியிருந்தால் சக்கில் ஒரு நீளக் கம்பியைப் பிடித்து மேலும் கீழும் நெம்பும்போது லொடலொடப்பு கைக்கே தெரியும். இருபது நிமிடம் ஓடவிட்டு ஸ்பிண்டிலைத் தாங்கும் ஹெட் ஸ்டாக்கைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு ஆகாது. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடு கைப்பிடியில், சுற்றியும் டூல் நகராத வெறும் சுற்று இருந்தால் பயப்படாதீர்கள், நட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

கூடவே என்ன தருகிறார்கள் என்றும் கேளுங்கள். நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட் (பொருளைப் போல்ட்டால் பிணைக்கும் தட்டு), ஸ்டெடி (நீளக் கம்பியைத் தாங்கும் பிடி), கியர் செட் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் லேத்தின் விலையே வந்துவிடும். மில்லிமீட்டர் மரை வெட்டுவீர்கள் என்றால் 127 பல் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதாவது 127ஐ 5ஆல் வகுத்தது. அந்த ஒரு கியர் இருந்தால் அங்குல லீட் ஸ்க்ரூவில் (மரை வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் திருகு) மெட்ரிக் மரை துல்லியமாக வரும்.

புது மினி லேத்தையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சுமார் 40 கிலோதான், இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். உங்கள் சவுத் பெண்ட் 200 கிலோவை ஒட்டி வரும். ஆனால் புதுசு என்றால் பெட்டியைப் பிரித்ததும் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். என் அண்ணன் மகள் வாங்கியபோது நாங்கள் இருவரும் உட்கார்ந்து முழுதாகக் கழற்றினோம். பாதுகாப்பு கிரீஸுக்கு அடியில் வார்ப்பு மணல், கிராஸ் ஸ்லைடு நடுவில் மட்டும் இறுக்கம். சுத்தம் செய்து, பிசிறு நீக்கி, ஸ்லைடின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் கிப் பட்டையைச் சரிசெய்து முடிக்க இரண்டு நாள். அதற்குப் பிறகு அந்த லேத் அவளுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கனமான வெட்டு மட்டும் எடுக்க முடியாது. அதிரும்.

உங்கள் விஷயத்தில், பெட்டும் ஸ்பிண்டிலும் தேறினால் சவுத் பெண்டை வாங்குங்கள். தேறாவிட்டால் யோசிக்காமல் மினி லேத். தேய்ந்த பெட்டைச் சுரண்டிச் சமப்படுத்துவது தனிக் கலை, அதைப் படிக்கப் போனால் எஞ்சின் செய்ய நேரம் இருக்காது.

கேள்வி: வாங்க நினைக்கும் பழைய மில்லிங் மெஷினில் த்ரீ பேஸ் மோட்டார். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் தரும் விஎஃப்டி என்ற மின்னணுக் கருவி போதும், வேகத்தையும் விரும்பியபடி வைத்துக்கொள்ளலாம். மோட்டாரின் தகட்டில் இரண்டு வோல்டேஜ் எழுதியிருந்தால், பொதுவாகக் குறைந்த வோல்டேஜுக்கு உரிய டெல்டா இணைப்பு (மோட்டாரின் சுருள்களை முக்கோணமாக இணைப்பது) வேண்டியிருக்கும். அதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக் கூடாது, ஓடும்போது அணைத்தால் விஎஃப்டி கெட்டுப்போகலாம். லேத்தில் இதைப் பொருத்தினால் இன்னொரு எச்சரிக்கை: சக் மரையில் திருகி மாட்டும் வகை என்றால் திடீர் பிரேக் வைக்காதீர்கள், ரிவர்ஸிலும் வெட்டாதீர்கள். சக் கழன்று பறக்கும்.

கேள்வி: 17 வயது மகன் கடைசல் கற்க ஆசைப்படுகிறான். உறவினர் தன் பழைய லேத்தைத் தருகிறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயம்தான் சகோதரி. பழைய லேத்களில் பெல்ட்டும் கியரும் பல சமயம் மூடியில்லாமல் சுற்றும், அவசர நிறுத்தப் பொத்தானும் இருக்காது. இந்த இரண்டையும் பொருத்திய பிறகே மகன் கையில் கொடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும், கையுறை மட்டும் வேண்டவே வேண்டாம், சுழலும் கம்பி அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சக் சாவியைச் செருகிவிட்டு அதிலிருந்து கை எடுக்கக் கூடாது. இந்தப் பழக்கம் வரும்வரை உறவினர் பக்கத்தில் நிற்கட்டும். அவருக்கு நேரமில்லை என்றால், நேரம் கிடைக்கும்வரை லேத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.