டிவைஸ் சர்வர் பிங் ஆகிறது, எடைமேடையின் எடை மட்டும் கணினியில் சரியாக வரவில்லை. பெட்டியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். டிவைஸ் சர்வர் என்பது சீரியல் வயரில் வருவதை நெட்வொர்க்குக்கு மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி. அது பிங் ஆகிறது, அதாவது கணினி கூப்பிட்டால் பதில் தருகிறது என்றால் நெட்வொர்க் பக்கம் அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு அந்தப் பெட்டிக்கும் எடையைக் காட்டுகிற இண்டிகேட்டருக்கும் நடுவில் போகிற சீரியல் வயரில் இருக்கும், இல்லையென்றால் அந்த வயரில் இரண்டு பக்கமும் பேசும் முறையில் இருக்கும். சாஃப்ட்வேர்காரர் "பெட்டி சரியில்லை, வேறு வாங்குங்கள்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் அரிசி ஆலைகளிலும் குவாரிகளிலும் எடைமேடை, பேனல் வேலை பார்க்கிறவன். படிப்பு டிப்ளமோ. நெட்வொர்க் படித்தவர்கள் இதைவிட ஒழுங்காகச் சொல்லலாம், மறுக்கவில்லை. ஆனால் எடைமேடை அறைக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் சில விஷயங்கள் பிடிபடும்.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஆலை. பிசான அறுவடை நேரம், வாசலில் நெல் லாரி வரிசையாக நிற்கிறது. எடைமேடை ஒரு மூலை, ஆபீஸ் மறு மூலை. சீட்டில் கையால் எழுதி அனுப்பும்போது எடையில் தகராறு வருகிறது என்று முதலாளி அண்ணாச்சி, எடை நேராகக் கணினிக்கு வர வேண்டும் என்றார். வெளியூர் சாஃப்ட்வேர் கம்பெனி ஆட்கள் முதலில் சீரியல் கேபிளையே மோட்டார் வயர்களோடு சேர்த்து அவ்வளவு தூரம் இழுத்திருந்தார்கள். இந்த மாதிரி சீரியல் இணைப்பான ஆர்எஸ்-232க்குப் பொதுவாகச் சொல்லும் தூரம் 15 மீட்டர்தான். அரவை மோட்டார் ஓட ஆரம்பித்ததும் எடை துள்ளும். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

டிவைஸ் சர்வரை எடைமேடை அறையிலேயே இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து ஆபீசுக்கு ஃபைபர். ஈதர்நெட் வயர் 100 மீட்டர் வரைதான் போகும். உங்களுக்கு 150 மீட்டர் என்கிறீர்கள், அப்படியென்றால் ஒன்று நடுவில் ஸ்விட்ச் வேண்டும், இல்லை ஃபைபர். நான் ஃபைபர்தான் சொல்வேன். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இறங்குகிற இடியும் ஐப்பசி மழையில் வருகிற இடியும் நம் பக்கம் எவ்வளவு போர்டுகளைக் கொன்றிருக்கின்றன என்பது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எடைமேடைக்கு ஒரு எர்த், ஆபீசுக்கு ஒரு எர்த். இரண்டையும் தாமிரக் கம்பியால் இணைத்தால் இடி விழும்போது அந்தக் கம்பி வழியாகத்தான் பாயும். ஃபைபரில் அந்தப் பாதையே கிடையாது. "வைஃபை போட்டால் போதாதா" என்று யாராவது கேட்பார்கள். ஓடும். லாரி குறுக்கே நிற்கும்போது அறுந்தால் யார் பதில் சொல்வது?

சரி, வயர். கேபிளைக் கழற்றுங்கள், இரண்டு கருவியும் பவரில் இருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை, கருவியின் 9 பின் சீரியல் சாக்கெட்டில் 5-ம் பின்னில் (கிரவுண்ட்) வையுங்கள். சிவப்பால் 2-ம் பின்னையும் 3-ம் பின்னையும் தொட்டுப் பாருங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை காட்டுகிற பின்தான் அந்தக் கருவி அனுப்புகிற பின். மற்றது கேட்கிற பின், அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இண்டிகேட்டர் விடாமல் எடை அனுப்பிக்கொண்டிருந்தால் எண் ஆடும், ஆனால் செத்துக் கிடக்காது. இரண்டு கருவியிலும் அனுப்புகிற பின் ஒரே எண்ணாக இருந்தால் 2-ம் 3-ம் மாற்றிப் போட்ட கிராஸ் கேபிள் வேண்டும். வேறு வேறாக இருந்தால் நேர் கேபிள். கடையில் கொடுத்ததை நம்பாமல் இதை நீங்களே பாருங்கள்.

பெட்டி மேலேயே சந்தேகம் இருந்தால், அதன் 2, 3 பின்களை ஒரு சின்னக் கம்பியால் சேர்த்துவிட்டு, டிசிபி சர்வர் முறையில் (கணினி வந்து இணையும்வரை பெட்டி காத்திருக்கும் முறை) வைத்து, வருகிற எழுத்தை அப்படியே காட்டுகிற புட்டி (PuTTY) மாதிரி மென்பொருளில் அதன் ஐபியையும் போர்ட்டையும் கொடுத்துத் திறந்து ஏதாவது தட்டுங்கள். மோக்ஸா கம்பெனி பெட்டியில் அந்தப் போர்ட் எண் வழக்கமாக 4001, லாண்ட்ரானிக்ஸ் கம்பெனி பெட்டியில் 10001. தட்டியது திரும்பி வந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது. அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் அதை மாற்ற வேண்டாம்.

இனி அந்த ஆலையில் நடந்தது. எல்லாம் மாட்டியாயிற்று. மேடை காலியாக இருக்கும்போது கணினியில் 00000 அழகாக வருகிறது. லாரி ஏறியதும் குப்பை. சாஃப்ட்வேர்காரர் போனில், "லோடு ஏறினால் உங்கள் டிவைஸ் தாங்கவில்லை, திருப்பி அனுப்புங்கள்" என்கிறார். அண்ணாச்சி என்னைப் பார்த்து, "பொட்டிய திருப்பி அனுப்பச் சொல்லுதாவளே தம்பி, என்ன செய்ய?" என்றார். வெளியே டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

நான் சாஃப்ட்வேரை மூடிவிட்டு, பெட்டியை டிசிபி சர்வர் முறைக்கு மாற்றி, வருவதை அப்படியே புட்டியில் பார்த்தேன். இண்டிகேட்டரில் 18360. திரையில் முதல் இரண்டு இடத்தில் பூச்சி எழுத்து, அப்புறம் 360 சரியாக நிற்கிறது. அடுத்த லாரிகளையும் பார்த்தேன். 0, 3, 5, 6, 9 எப்போதும் சரி. 1, 2, 4, 7, 8 எப்போதும் குப்பை. இது பாரிட்டி, அதாவது பிழை பார்க்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்த்து அனுப்புகிற ஒரு பிட், செய்கிற வேலை. இண்டிகேட்டர் 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் மொத்தம் இரட்டைப்படையாக வரும்படி) அனுப்புகிறது, இந்தப் பக்கம் 8 பிட், பாரிட்டி இல்லாமல் படிக்கிறார்கள். எழுத்துகளை ஒன்றும் பூஜ்யமுமாக எழுதுகிற ஆஸ்கி குறியீட்டில் 0, 3, 5, 6, 9 ஆகியவற்றில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை, அதனால் பாரிட்டி பிட் பூஜ்யமாகி, 8 பிட்டாகப் படித்தாலும் மாறாது. மற்ற ஐந்திலும் ஒற்றைப்படை, மேல் பிட் ஒன்றாகி எழுத்தே வேறாகிவிடும். காலி மேடையில் எல்லாம் பூஜ்யம் என்பதால் எல்லாம் சரியாகத் தெரிந்தது. லோடுக்கும் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பெட்டியின் பக்கத்தில் 7, ஈவன் என்று மாற்றினேன், புட்டியில் எண்கள் சுத்தமாக வந்தன. இதில் இன்னொன்று இருக்கிறது, கவனியுங்கள். வர்ச்சுவல் காம் போர்ட் முறையில், அதாவது பெட்டியைக் கணினியிலேயே இருக்கிற சீரியல் போர்ட் போலக் காட்டி ஓட்டும்போது, போர்ட்டைத் திறக்கிற சாஃப்ட்வேர் கேட்கிற வேகமும் பாரிட்டியும்தான் செல்லும், பெட்டியில் நீங்கள் வைத்தது எடுபடாது. ஆகவே சாஃப்ட்வேரிலும் மாற்றச் சொன்னேன். அவர் மாற்றினார், எடை வந்தது. பில் மட்டும் அவர்கள் பெயரில் போனது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெளியூரிலிருந்து கார் பிடித்து வந்தால் இன்ஜினியர், நாற்காலி, காப்பி. பக்கத்து ஊரிலிருந்து பைக்கில் வந்தால் "ரெண்டு நிமிஷ வேலைக்கு இவ்வளவா?" அந்த இரண்டு நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை வருஷம் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு உள்ளூரில் கைத்தொழில் தெரிந்த பையன்கள் எல்லாம் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள் என்று குறைப்படுகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டிக்கு நிலையான ஐபி கொடுங்கள், ரவுட்டர் தானாக வழங்குகிற எண்களுக்கு வெளியே. கணினிக்கு மட்டும் கரண்ட் போய் வந்தபின் அது இணையவில்லை என்றால், பெட்டி பழைய இணைப்பையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி சோதிக்கிற டிசிபி அலைவ் செக் நேரத்தைக் குறைத்து வையுங்கள். பாஸ்வேர்டைக் கட்டாயம் மாற்றுங்கள். வீட்டிலிருந்து எடை பார்க்கலாம் என்று ரவுட்டரில் போர்ட் திறந்து இன்டர்நெட்டுக்கு விடாதீர்கள். 2015 டிசம்பரில் உக்ரைன் துணை மின்நிலையங்களைத் தாக்கியவர்கள் இதே வகை சீரியல்-ஈதர்நெட் கருவிகளின் ஃபர்ம்வேரை அழித்துத்தான் அங்கிருந்தவர்களைத் தூரத்திலிருந்து இயக்க முடியாமல் செய்தார்கள். ஒரு எடைமேடையை யார் தாக்குவார்கள் என்று கேட்கலாம். நெல் போடுகிற விவசாயியின் காசு அந்த எண்ணில்தான் இருக்கிறது.

இண்டிகேட்டரின் முத்திரையை மட்டும் யார் சொன்னாலும் உடைக்காதீர்கள். வெளியே இருக்கிற டேட்டா போர்ட்டே இதற்குப் போதும். மீட்டரில் 2, 3 பின்கள் என்ன காட்டின, லாரி ஏறும்போது எந்த எண்கள் சரியாக வருகின்றன, எவை குப்பையாகின்றன என்று எழுதுங்கள், மீதியைப் பார்க்கலாம்.